மதகைத் திறந்தது யார்?

கிள்ளான் பக்கத்திலும் கீழ்ப்பேராக்கிலும் கடலோரத் தோட்டங்களில் வாழ்கிறவர்களுக்குத் தண்ணீர்க் கதவைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடல் ஏறும்போது கதவு மூடியிருக்க வேண்டும். இறங்கும்போது திறந்து கால்வாய் நீரை வெளியே விட வேண்டும். தவறினால் உப்புநீர் உள்ளே வந்துவிடும்.

நம் முன்னோர் பலர் விட்டு வந்த தமிழ்நாட்டு ஊர்களில் கவலை வேறு. அங்கே மழை சில மாதங்கள்தான். அதை ஏரியில் தேக்கி, பயிர் விளையும்வரை அளந்து விட வேண்டும். அதற்கு அவர்கள் கண்ட வழிகளுள் ஒன்று குமிழித்தூம்பு.

கரையிலிருந்து சற்று உள்ளே, தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றின் அடியில் கல்லால் கட்டிய தொட்டி. தொட்டியின் மேல்மூடியில் ஒரு துளை. அதைக் கல் அடைப்பு ஒன்று மூடியிருக்கும். கீழ்ப்பக்கத்தில் சேறோடித் துளைகள் என்னும் சிறு துளைகள் உண்டு. அடைப்பைத் தூக்கினால் மேலே நல்ல நீரும் கீழே படிந்த வண்டலும் ஒன்றாக இழுக்கப்பட்டு, கரைக்கு அடியில் செல்லும் கால்வாய் வழியே வயலுக்குப் போகும். பாசனமும் நடக்கும், ஏரியில் தூரும் சற்றுக் குறையும். எவ்வளவு கெட்டிக்காரத்தனம், பாருங்கள்!

ஏரி நிறைந்திருக்கும்போது அந்த அடைப்பைத் தூக்க ஒருவர் நீந்திப் போய், மூச்சடக்கி முக்குளிக்க வேண்டும். உயிரைப் பணயம் வைக்கும் வேலை அது. ஆனால் ஏரி நிர்வாகம் யார் கையில் இருந்தது?

காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூர், பிராமணர்களுக்கு வழங்கப்பட்ட ஊர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919-லும் 921-லும் அங்கே வெட்டிய கல்வெட்டுகள் ஊர்ச்சபையின் விதிகளைச் சொல்கின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடவோலை எடுத்து வாரியங்களை அமைத்தார்கள். ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவிக்காலம் 360 நாள். கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வர முடியாது. இன்றைக்கும் வேண்டிய விதிதான்!

ஆனால் ஒருவர் பெயர் குடத்துக்குள் போக வேண்டுமானால், வரி கட்டும் சொந்த நிலமும் சொந்த மனையும் வேதப் படிப்பும் இருக்க வேண்டும். வயது 35க்கும் 70க்கும் இடையில் இருக்க வேண்டும். ஆகவே வயலில் இறங்கி உழைத்த நிலமில்லாதவரின் ஓலை குடத்தில் விழவே இல்லை. குடவோலையைப் போற்றிப் பேசுகிறவர்கள் இந்த இன்னொரு மதகைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

குமிழித்தூம்பின் தூண்கள் புதுக்கோட்டைப் பக்கத்து ஏரிகளில் இன்றும் நிற்கின்றன. சிலவற்றில் தூம்பு அமைத்துக் கொடுத்தவரின் பெயர் வெட்டியிருக்கிறது. ஏரி வறண்ட மாதத்தில் போனால், முக்குளித்தவர் கையால் தடவிக் கண்டுபிடித்த அந்தத் துளையை நாம் நடந்தே போய்ப் பார்க்கலாம்.