ஒலி உள்ளீட்டுச் சரிபார்ப்பு

ஒலி உள்ளீட்டுச் சரிபார்ப்பு என்பது, ஒலித் தரவைக் கையாளும் செயற்கூறு ஒன்று தன்னிடம் தரப்படும் கோப்பும் எண்களும் நினைவக முகவரியும் ஏற்கத்தக்கவைதாமா என்று பணியைத் தொடங்குமுன் ஆராய்ந்து, பொருந்தாதவற்றைப் பிழைக்குறிப்புடன் திருப்பி அனுப்பும் நிரலாக்க முறையாகும்.

மைக்ரோசாப்ட், ஐபிஎம் ஆகிய நிறுவனங்கள் 1991இல் வெளியிட்ட வேவ் கோப்பு வடிவம் இதற்குத் தக்க சான்று. அதன் எளிய வகையில் 44 பைட்டு நீளமுள்ள தலைப்பகுதி ஒன்று, தடங்களின் எண்ணிக்கை, நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்பட்டது என்னும் மாதிரி வீதம், தொடர்ந்து வரும் தரவின் நீளம் முதலியவற்றைக் கூறுகிறது. இவை கோப்பு தன்னைப் பற்றித் தானே கூறிக்கொள்பவையேயன்றி மெய்ப்பிக்கப்பட்டவை அல்ல. தடங்கள் சுழியம் என்றிருந்தால், அவ்வெண்ணைக் கொண்டு வகுக்கும் இடத்தில் நிரல் முறிந்துவிடும். கூறப்பட்ட நீளம் உண்மையான தரவைவிட மிகுதியானால், தனக்கு உரிமையில்லாத நினைவகப் பகுதியைப் படிக்க முற்படும். எனினும் முரண்பட்ட நீளம் யாவும் தீங்கானதன்று. நேரலையாகப் பதிவாகும் கோப்பில் நீளம் முன்கூட்டியே தெரியாததால் அவ்விடம் சுழியமாகவே விடப்படுவதும் உண்டு.

இவற்றினும் நுட்பமானது முழுஎண் மிகைவழிவு, அதாவது பெருக்குத்தொகை அதற்கென ஒதுக்கிய பிட்டுகளில் அடங்காமல் சிறிய எண்ணாகச் சுருங்குதல். தலா 4 பைட்டு கொண்ட 107,37,41,825 மாதிரிகள் உள்ளதாக ஒரு கோப்பு கூறினால், 32 பிட்டுக் கணக்கில் விடை வெறும் 4 ஆகும். 4 பைட்டு இடம் ஒதுக்கிய நிரல், அதில் கோப்பு முழுவதையும் கொட்டத் தொடங்கும். ஆகவே பெருக்கிய பின் சோதிப்பது பயனற்றது. உச்ச எண்ணை 4ஆல் வகுத்து, மாதிரி எண்ணிக்கை அதற்குள் அடங்குகிறதா என்று முன்னரே பார்த்தல் வேண்டும். ஆண்ட்ராய்டின் ஸ்டேஜ்ஃப்ரைட் ஊடக நூலகத்தில் 2015இல் வெளிப்பட்ட குறைபாடுகளுள் சில இவ்வகையினவே.

மிதவைப்புள்ளி எண்களில் 'எண் அல்லாதது' என்னும் தனி மதிப்பும் உண்டு. அது எதனினும் பெரிதுமன்று, சிறிதுமன்று. எனவே எல்லைக்கு மேலோ கீழோ உள்ளதை மட்டும் விலக்கும் சோதனையைத் தடையின்றிக் கடந்துவிடுகிறது. முந்தைய வெளியீட்டை மீண்டும் உள்வாங்கும் வடிப்பானில் அது ஒருமுறை புகுந்தால், பின்வரும் மாதிரிகள் அனைத்தும் கெடுகின்றன.

தவறான மதிப்பை ஓசையின்றித் திருத்திக்கொள்ளும் வழக்கம் பரவலானது என்றாலும் ஏற்கத்தக்கதன்று. விடுபட்ட மாதிரி வீதத்துக்கு 44,100ஐ இட்டால் நிரல் முறியாது, ஆனால் பாடலின் சுருதியே மாறிவிடலாம்.

சோதனை நிகழும் இடமும் முதன்மையானது. நொடிக்கு 48,000 மாதிரிகளை 256 மாதிரிகள் கொண்ட தொகுதிகளாக அனுப்பும் ஒலிபரப்பில் ஒவ்வொரு தொகுதிக்கும் ஏறத்தாழ 5.3 மில்லிநொடியே கிடைப்பதால், கோப்பைத் திறக்கும்போதே பெரும்பாலான சோதனைகளை முடித்துவிட்டு, ஒலிக்கும் நேரத்தில் மலிவான ஒப்பீடுகளை மட்டும் வைத்துக்கொள்வதே முறை.