கடாரக் கரையும் நம் தோட்டமும்



ஆண்டுதோறும் பள்ளி விடுமுறையில் ஒரு பஸ் பிடித்து, புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு நாம் பந்தாய் மெர்டேக்கா கடற்கரைக்குப் போய் வருகிறோம். பிள்ளைகள் குளிப்பார்கள். ஆண்கள் மரத்தடியில் பாய் விரித்துப் படுப்பார்கள். சாயங்காலம் மணலை உதறிவிட்டு பஸ்ஸில் ஏறினால் தோட்டம் வந்து சேரும்வரை தூக்கம்தான். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாரமெல்லாம் காட்டில் உழைத்த உடம்புக்கு ஒரு நாள் கடற்காற்று வேண்டும்.

சென்ற ஆண்டுப் பயணத்தில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என் அருகில் வந்தான். "சார், நம்ம பாட்டனுங்க எல்லாம் கப்பல்ல வந்தாங்கன்னு பாடத்துல சொன்னீங்களே, இந்தக் கடல்லயா வந்தாங்க? அதுக்கு முன்னாடி நம்மாளுங்க இங்க வந்ததே இல்லையா?" என்று கேட்டான். நான் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார். அன்று சொல்லாமல் விட்ட மீதிதான் இக்கட்டுரை.

அடுத்த முறை போகும்போது கடலுக்கு முதுகைக் காட்டி ஒரு நிமிடம் வடக்கே பாருங்கள். பக்கத்தில் மெர்போக் ஆறு கடலில் கலக்கிறது. ஆற்றின் அக்கரையில் தெரியும் மீனவர் ஊர் தஞ்சோங் டாவாய். அதற்கும் பின்னால் மேகம் கவிந்து நிற்பது குனோங் ஜெராய். 1,200 மீட்டருக்கு மேல் உயரமுள்ள இம்மலை கடற்கரையை ஒட்டியே எழுந்து நிற்பதால், வெகு தூரத்திலிருந்தே கப்பலோட்டிகளின் கண்ணில் படும். திசைகாட்டும் கருவி இல்லாத காலத்தில், வங்கக் கடலைக் கடந்து வந்தவனுக்குக் கரை வந்துவிட்டது என்று சொன்னது இந்த மலைதான்.

மெர்போக் ஆற்று முகம் அன்று இப்படி இல்லை. கடல் உள்ளே புகுந்த அகன்ற விரிகுடாவாக இருந்தது. ஆறுகள் கொண்டுவந்த வண்டல் படிந்து படிந்து, காண்டாக் காடு வளர்ந்து, நிலம் முன்னேறியது, கடல் பின்வாங்கியது. பூஜாங் ஆற்றங்கரையில் பெங்காலான் பூஜாங் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெங்காலான் என்றால் மலாயில் படகுத்துறை. இன்று அங்கே நின்றால் கடலைப் பார்க்க முடியாது. ஆனால் அந்த மண்ணைத் தோண்டியபோது சீனப் பீங்கான் துண்டுகளும் கண்ணாடித் துண்டுகளும் பாசிமணிகளும் கிடைத்தன. துறையின் பெயர் மட்டும் நின்றுவிட்டது, தண்ணீர் போய்விட்டது!

இதைவிட நமக்கு நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. சுங்கை பட்டாணியிலிருந்து மெர்போக் போகும் வழியில் உள்ள சுங்கை பத்துவில், தோட்ட நிலத்தின் அடியிலேயே, 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழாய்வு செய்தார்கள். இரும்பு உருக்கிய இடங்கள், உலைக்குக் காற்று ஊதும் களிமண் குழாய்கள், செங்கல்லால் கட்டிய படகுத்துறைகள் எல்லாம் வெளியே வந்தன. அவற்றின் காலம் எவ்வளவு பழையது என்பதில் அறிஞர்களுக்குள் வாதம் நடக்கிறது. அதில் நான் தலையிடவில்லை. நம் ஆட்கள் மரம் வெட்டி, பால் எடுத்து, குலை அறுத்த இது போன்ற மண்ணுக்குக் கீழே ஒரு துறைமுகம் தூங்கிக்கொண்டிருந்தது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. இரும்பு உருக்கியவர்கள் இந்த மண்ணிலேயே வாழ்ந்த மக்கள். வாங்க வந்தவர்கள்தான் கடல் கடந்து வந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் நம்மவரும் உண்டு. கெடாவைத் தமிழர் கடாரம் என்றார்கள். காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களைச் சொல்லும் பட்டினப்பாலை, காழகத்துப் பொருளையும் சேர்த்துச் சொல்கிறது. காழகம் என்றால் கடாரம் என்று உரையெழுதியவர் நச்சினார்க்கினியர். ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று 1834-இல் செபராங் பிறையில் ஜேம்ஸ் லோ என்ற ஆங்கில அதிகாரிக்குக் கிடைத்தது. புத்தகுப்தன் என்ற கப்பல் தலைவன் தன் பயணம் நலமாக முடிய வேண்டி எழுப்பியது அது. மொழி வடமொழி; எழுத்தோ தென்னாட்டுப் பாணி.

மேடைகளில் 'கடாரம் கொண்டான்' என்று முழங்கினால் கைதட்டல் நிச்சயம். முதலாம் இராசேந்திர சோழன் 1025-இல் கப்பற்படை அனுப்பிக் கடாரத்து அரசனை வென்றதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு கூறுகிறது. உண்மைதான். ஆனால் மாணவர்களே, அது ஒரு படையெடுப்பு. ஊர் ஒன்று தாக்கப்பட்டது, பொருள்கள் அள்ளப்பட்டன. அதைப் பெருமையாகச் சொல்லும்போது, இந்தக் கரையில் இருந்தவர்களுக்கு அந்த நாள் எப்படி இருந்திருக்கும் என்றும் நினைத்துப் பார்க்க வேண்டும். எனக்கு அதைவிடப் பிடித்த செய்தி, ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்தது. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுப்பினான். அதன் செலவுக்கு இராசேந்திரனின் தந்தை இராசராச சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருமானத்தைக் கொடுத்தான். லெய்டன் செப்பேடுகள் என்று பெயர்பெற்ற செப்பேடுகளில் இது எழுதப்பட்டிருக்கிறது. இந்தக் கரை அரசன் அங்கே கோயில் கட்ட, சைவனான சோழன் மானியம் தந்தான்! மேடையில் இதை யாரும் சொல்வதில்லை.

அரசர்கள் இருக்கட்டும். பாய் கட்டி வந்த கப்பலோட்டிகள் காற்றை நம்பி வாழ்ந்தார்கள். தென்மேற்குப் பருவக்காற்று இங்கே கொண்டுவந்து சேர்க்கும். வடகிழக்குக் காற்று வந்தால்தான் திரும்ப முடியும். இடையில் மாதக் கணக்கில் இந்தக் கரையிலேயே காத்துக் கிடப்பார்கள். அடுப்பு வைத்தார்கள், சாமி கும்பிட்டார்கள், சிலர் இங்கேயே குடும்பமும் ஆனார்கள். ஜெராய் அடிவாரத்தில் ஓடையோரமாக நிற்கும் புக்கிட் பத்து பஹாட் கோயிலின் அடித்தளம், அக்காலத்து வழிபாட்டின் மிச்சம். அதை 1936-37-இல் தோண்டியவர் குவாரிட்ச் வேல்ஸ். 1960 வாக்கில் கற்களை மீண்டும் அடுக்கி நிறுத்தினார்கள். பக்கத்திலேயே அருங்காட்சியகமும் இருக்கிறது.

கெடாவிலிருந்து நாகப்பட்டினத்துக்கு முப்பது நாள் கடல்வழி என்று ஏழாம் நூற்றாண்டில் யிஜிங் என்ற சீனத் துறவி குறித்து வைத்திருக்கிறார். என் பாட்டிக்கு அதே வழி ஒரு வாரம். ஏழு வயதில், தாய் தகப்பனோடு நாகப்பட்டினத்தில் 'ராஜுலா' கப்பல் ஏறியவர் அவர். (அந்தக் கப்பல் 1926 முதல் 1973 வரை இந்தக் கடலில் ஓடியது.) கஞ்சி, வாந்தி, எண்ணெய் நாற்றம், இவைதான் அவர் சொன்ன கப்பல் கதை. ஒரு விடியற்காலை எல்லாரும் "மலை தெரியுது, மலை தெரியுது" என்று மேல்தட்டுக்கு ஓடினார்களாம். பினாங்கு மலையோ, நம் ஜெராயோ, பாட்டிக்குத் தெரியாது. பிறகு ஜெரெஜாக் தீவில் சில நாள் நிறுத்தி வைத்து, நோய் இல்லை என்று கண்டபின் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். கடாரம் என்ற பேரையே அவர் கேட்டதில்லை. இரண்டு பயணமும் ஒரே கடலில் என்றாலும் இரண்டும் ஒன்றல்ல. முன்னவன் சரக்கோடு வந்தான், காற்று திரும்பியதும் போனான். நம் பாட்டனும் பாட்டியும் கையை மட்டும் கொண்டுவந்தார்கள், தங்கிவிட்டார்கள். அந்த மாணவனுக்கு நான் சொல்ல நினைத்த பதில் இதுதான்.

இனி இன்றைய மீனவர்களிடம் வருவோம். தஞ்சோங் டாவாய்க்குப் படகில் போனால் சில நிமிடம்தான். கரை இறங்குமுன்பே நெத்திலி வாசம் வந்துவிடும். பிடித்த நெத்திலியைப் படகிலேயே உப்புநீரில் அவித்து, கரைக்குக் கொண்டுவந்து வெயிலில் காயப்போடுகிறார்கள். பெலாச்சானுக்கும் இவ்வூர் பெயர் பெற்றது. தெற்கே கோத்தா கோலா மூடாவில் பாசார் பீசிக் என்ற சந்தை உண்டு. 'குசுகுசுச் சந்தை' என்று சொல்லலாம். மீன் வந்ததும் ஏலம்; ஆனால் சத்தம் கிடையாது. வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராக ஏலம் விடுபவர் காதில் விலையை முணுமுணுப்பார்கள். யார் விலை அதிகமோ அவருக்கே மீன். அடுத்தவன் என்ன சொன்னான் என்று யாருக்கும் தெரியாது. நம் தோட்டத்தில் சீட்டு ஏலம் கூறுவதைக் கேட்டவர்கள் இதைப் பார்த்தால் அதிசயப்படுவார்கள்!

2004 டிசம்பர் 26 அன்று, காலை 9 மணிக்குச் சற்று முன் சுமத்திரா கடலடியில் நிலம் குலுங்கியது. மதியம் 1 மணிக்கு மேல் அலை இந்தக் கரையில் ஏறியது. கோத்தா கோலா மூடாவில் வீடுகள் உடைந்தன. படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. மலேசியாவில் இறந்தோர் 68 பேர், பெரும்பாலோர் பினாங்கில். அதே காலை நாகப்பட்டின மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். முப்பது நாள், ஒரு வாரம் என்றெல்லாம் நாம் கணக்குப் போட்ட இரண்டு கரைகளையும் ஒரே அலை ஒரே நாளில் தொட்டுவிட்டது. உடைந்த படகுகளை நினைவுச் சின்னமாகக் கோத்தா கோலா மூடாவில் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அங்கே ஏறி விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலை அழித்தது போக, மனிதன் அழித்ததும் உண்டு. 2013-இல் சுங்கை பத்துப் பகுதியில் வீடமைப்புக்காக நிலத்தைச் சமன் செய்தபோது, 11-ஆம் எண் சண்டி என்று குறிக்கப்பட்டிருந்த கோயில் அடித்தளத்தை இயந்திரம் வாரிக்கொண்டு போயிற்று. பாரம்பரிய இடமாக அரசிதழில் பதியப்படாத தனியார் நிலம் என்றார்கள். பத்திரிகைகளில் பெரிய சத்தம் எழுந்தது, ஆனால் செங்கல் திரும்பி வரவில்லை. அக்கம்பக்கத்துத் தோட்டத்தில் யாராவது ஒருவர், "அண்ணே, அங்கே மண்ணைத் தள்ளாதீங்க, அது பழைய கோயில்" என்று சொல்லியிருந்தால் நின்றிருக்குமா? நின்றிருக்காது என்றுதான் நினைக்கிறேன். என்றாலும் அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர் இருந்தோம்?

இவ்வாண்டுப் பயணத்தில் காலையில் அருங்காட்சியகமும் கோயிலும், பிறகு தஞ்சோங் டாவாய், அங்கிருந்து படகில் பந்தாய் மெர்டேக்கா என்று ஏற்பாடு செய்ய எண்ணியிருக்கிறேன். குளியலுக்கு நேரம் கொஞ்சம் குறையும். பிள்ளைகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். வர விரும்பும் பெற்றோர்கள் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுக்கலாம். சோற்றுப் பொட்டலத்தோடு பழைய செருப்பு ஒன்றும் கொண்டு வாருங்கள், ஓடையோரக் கல் வழுக்கும்.