பொற்கிழியும் பூச்சாண்டியும்

ஸ்ரீவில்லிபுத்தூர்னு சொன்னதும் நம்ம மக்களுக்கு மூணு விஷயம் ஞாபகம் வரும். ஆண்டாள், கோபுரம், பால்கோவா (வரிசை அவங்கவங்க பக்தியைப் பொறுத்தது :-)). நாலாவதா மேடைப்பேச்சையும் சேர்த்துக்கணும்ங்கறது என் கட்சி. "மேடைப்பேச்சுன்னா காஞ்சிபுரம், திருவாரூர்னு இல்ல சொல்லணும்?"னு நீங்க கேக்கறது காதுல விழுது. கொஞ்சம் பொறுங்க.

பொற்கிழி கதை பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். குருபரம்பரை நூல்கள் சொல்ற கதை இது. பாண்டியன் வல்லபதேவன் மதுரையில ஒரு பொன் முடிப்பைக் கட்டித் தொங்கவிட்டு, பரம்பொருள் எதுன்னு சபையில நிறுவுறவங்களுக்கு அதுன்னு அறிவிக்கிறான். பெரிய பெரிய வித்வான்கள் கூடின அந்த சபைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல நந்தவனம் வச்சுப் பூ கட்டிக்கிட்டிருந்த விஷ்ணுசித்தர் போறார். பேசறார். கிழி தானா தாழ்ந்து வருது. யானை மேல ஊர்வலம். பெரியாழ்வார் ஆகறார். நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம். ஆனா ஒரு தோட்டக்காரர் படிச்சவங்க சபையில பேசி ஜெயிச்சார்னு ஒரு ஊர் பல நூறு வருஷமா சொல்லிக்கிட்டு வருதுன்னா, அந்த ஆசையே ஒரு வரலாறு தானே?

இப்ப அடுத்த பக்கத்தைப் பாருங்க. இதே பெரியாழ்வார்தான் கண்ணனைக் குழந்தையா வச்சுப் பாடினவர். தாலாட்டு, நிலாவைக் கூப்பிடறது, கை கொட்டச் சொல்றது, தளர்நடை, அப்பூச்சி காட்டறது (அதாங்க, பூச்சாண்டி), காது குத்தறது, குளிப்பாட்டறது, தலை வார காக்காயைக் கூப்பிடறதுன்னு ஒரு அம்மா நாள் முழுக்கப் பண்ற அத்தனையும் அவர் பாட்டுல இருக்கு. பிற்காலத்துல பிள்ளைத்தமிழ்னு ஒரு தனி இலக்கிய வகையே வளர்ந்ததுக்கு இது பெரிய முன்னோடி. பன்னிரண்டாம் நூற்றாண்டுல ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன் மேல பாடினதைத்தான் முதல் முழுப் பிள்ளைத்தமிழ்னு சொல்றாங்க. பெரியாழ்வார் அதுக்கும் சில நூற்றாண்டு முந்தி.

இந்தப் பாட்டுகளைப் பேச்சுப் பயிற்சிக் கண்ணோட பார்த்தா ஒரு விஷயம் பிடிபடுது. எல்லாமே யாரையாவது பார்த்து, நேரா, கூப்பிட்டுச் சொல்றது. நிலாவைப் பார்த்து, காக்காயைப் பார்த்து, குழந்தையைப் பார்த்து. நிறைய இடத்துல உடம்புக்கும் வேலை இருக்கு. கை தட்டணும், கட்டிக்கணும், பயமுறுத்தணும். பாட்டுக்குப் பாட்டு ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்து கேக்கறவங்களை உள்ள இழுக்குது. இன்னைக்குக் காசு கட்டிப் போற பேச்சுப் பயிற்சி வகுப்புல என்ன சொல்லித் தராங்க? எதிர்ல இருக்கறவங்களைப் பாரு, கையை எங்க வைக்கணும்னு தெரிஞ்சுக்கோ, முக்கியமானதைத் திரும்பச் சொல்லு. அவ்ளோதான்!

சரி, குழந்தைக்குச் சொல்றது சரி. மீசை முளைச்ச காலேஜ் பசங்களுக்குக் குழந்தைக் கதையான்னு கேட்டா, அதுக்கும் பழைய சாட்சி இருக்கு. பஞ்சதந்திரமே அப்படித்தான் ஆரம்பிக்குது. மூணு மக்கு ராஜகுமாரங்களை ஆறே மாசத்துல தேத்தித் தரேன்னு விஷ்ணுசர்மா ராஜாகிட்ட வாக்குக் கொடுக்கறார். கையில எடுத்தது காக்கா, நரி, முதலை, குரங்கு. அது கதைக்குள்ள நடக்கற கதை. நிஜமாவே ஒரு காலேஜ்ல நடந்ததும் இருக்கு, அதுவும் நம்ம சென்னையில.

1812-ல எல்லிஸ் முன்னின்று புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியை ஆரம்பிச்சார். கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்குக் கப்பல்ல வந்து இறங்கின இளவட்ட வெள்ளைக்காரங்களுக்கு உள்ளூர் பாஷைகள் சொல்லிக் கொடுக்கற இடம். பரீட்சையும் உண்டு. நாளைக்கு இவங்கதான் கச்சேரியில உக்காந்து குடியானவன் சொல்றதைக் கேட்டு, பதில் சொல்லணும். நன்னூல் சூத்திரத்தை மட்டும் நெட்டுரு போட்டா நாக்கு புரளுமா? அங்க தமிழ்ப் புலவரா இருந்த தாண்டவராய முதலியார் மராத்தியில இருந்து பஞ்சதந்திரத்தைத் தமிழ் உரைநடையில கொண்டு வந்தார். அச்சான வருஷம் 1826. வீரமாமுனிவரோட பரமார்த்த குரு கதையை பாபிங்டன்ங்கறவர் 1822-ல லண்டன்ல பதிப்பிச்சார். இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு, சொற்பட்டியல், முதல் கதைக்குச் சொல் சொல்லா விளக்கம்னு முழுக்க முழுக்கத் தமிழ் படிக்கிறவங்களுக்கான புத்தகம் அது. ஆக, ஆளப்போறவன் பேசக் கத்துக்கறதுக்கு நம்ம பாட்டி கதையைத்தான் துணைக்கு வச்சுக்கிட்டான். நாமதான் அதை "சின்னப் பசங்க சமாச்சாரம்"னு ஆறாங்கிளாஸோட ஓரங்கட்டிட்டோம்.

இன்னொரு சாட்சி யாழ்ப்பாணத்துல. கோயில்ல புராணம் வாசிச்சுப் பொருள் சொல்றது நமக்குப் பழசு. ஒரு தலைப்பை எடுத்துக்கிட்டு எதிர்ல இருக்கற பொதுமக்களைப் பார்த்துப் பேசற இன்னைய மேடைப்பேச்சு பத்தொன்பதாம் நூற்றாண்டுலதான் சூடு பிடிச்சது. மதுரையில தங்கித் தமிழ் மேடைப்பேச்சை ஆராய்ச்சி பண்ணின அமெரிக்க மானுடவியலாளர் பெர்னார்ட் பேட், பாதிரிமார்களோட பிரசங்கத்துக்கு இதுல பெரிய பங்கு உண்டுன்னு எழுதியிருக்கார். அந்தப் பாதிரிமார் பள்ளிக்கூடத்துல படிச்சு, பீட்டர் பெர்சிவலுக்கு பைபிள் மொழிபெயர்ப்புல உதவின ஆறுமுக நாவலர், அதே ஆயுதத்தைச் சைவத்துக்காகக் கையில எடுத்தார். 1847 டிசம்பர் 31, வண்ணார்பண்ணை சிவன் கோயில்ல அவரோட முதல் பிரசங்கம். 1849-ல திருவாவடுதுறை ஆதீனம் கொடுத்த பட்டம்தான் "நாவலர்". நா வல்லவர்!

அந்த நா வல்லவர் அடுத்து எழுதினதுல முக்கியமானது என்ன தெரியுமா? பாலபாடம். பள்ளிக்கூடப் பசங்களுக்கான வாசிப்புப் புத்தகம். சொற்களைப் பிரிச்சு, நிறுத்தக்குறி போட்டு, படிக்கிறப்பவே எங்க மூச்சு விடணும்னு தெரியற மாதிரி உரைநடை. குழந்தைக்குப் புரியற வாக்கியமும் கூட்டத்துக்குக் காதுல ஏறுற வாக்கியமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கணும்னு நான் நினைக்கறேன்.

இவ்ளோ பழைய கதை எதுக்கு? இப்ப ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ல காலை எட்டு மணிக்கு ஏறிப் பாருங்க. பாதிப் பேர் காலேஜ் பசங்க. ராஜபாளையத்துல 1973-லயே ராஜூக்கள் கல்லூரி வந்தாச்சு. மதுரை ரோட்டுல கிருஷ்ணன்கோவில்ல 1984-ல இன்ஜினியரிங் காலேஜ் வந்தாச்சு, அது இப்ப பல்கலைக்கழகம். மில்லுக்குப் போற அப்பா, தீப்பெட்டி ஒட்டின அம்மா, வீட்டுல முதல் தடவையா காலேஜ் வாசல் மிதிக்கிற பிள்ளை. பஸ்ல அவங்க பேசற பேச்சைக் கேட்டா பட்டிமன்றம் தோத்துடும். அதே பிள்ளையை வகுப்புல எழுப்பி செமினார் எடுக்கச் சொல்லுங்க. தொண்டையில தண்ணி வத்திடும்.

நானும் இன்ஜினியரிங் படிச்சுட்டுப் பொட்டி தட்ட வந்தவன்தான். என்கூடப் படிச்சதுல நல்லா புரோகிராம் எழுதத் தெரிஞ்ச தமிழ் மீடியம் பசங்க எத்தனையோ பேர். எழுத்துத் தேர்வுல பாஸ், குரூப் டிஸ்கஷன்ல அவுட். அவங்களுக்கு அறிவு குறைச்சல் இல்ல. பேச்சுன்னா "அவையோர் அனைவருக்கும்"னு ஆரம்பிச்சு யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிறதுன்னு பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியில பழக்கிட்டாங்க. ஒரு வரி மறந்தா மொத்தமும் போச்சு. காலேஜ் வந்ததும் அதே ஒப்பிப்பு இங்கிலீஷுக்கு மாறுது, கூடவே தப்பு வந்துடுமோங்கற பயமும் சேர்ந்துக்குது. வேலை கிடைக்கறதும் கிடைக்காம போறதும் அந்தப் பத்து நிமிஷத்துல முடிவாகிடுது.

குழந்தைக் கதை இங்கதான் கை கொடுக்கும். கதையை யாரும் வரி வரியா ஞாபகம் வச்சுக்கறதில்ல, "அப்புறம் என்ன ஆச்சு"ன்னுதான் வச்சுக்கறோம். ஒரு வரி போனா இன்னொரு வரி தானா வரும். நரிக்கு ஒரு குரல், காக்காய்க்கு ஒரு குரல்னு மாத்தறப்ப கூச்சம் போயிடும், ஏன்னா அங்க பேசறது நான் இல்ல, நரி! வடை கீழ விழறதுக்கு முன்னாடி ஒரு விநாடி நிறுத்தணும்னு யாரும் சொல்லித்தர வேணாம். தமிழ்ல இது பழகிட்டா, அதே கதையை இங்கிலீஷ்ல சொல்றது ரெண்டாவது படி. பயம் ஒரு தடவை போயிட்டா பாஷை பின்னாடியே வந்துடும்.

கதைக்கு வெளியூர் போக வேண்டாம். ராஜபாளையம் எழுத்தாளர் கொ.மா.கோதண்டத்தோட "காட்டுக்குள்ளே இசைவிழா"வுக்கு 2012-ல சாகித்ய அகாதெமியோட பால சாகித்ய புரஸ்கார் கிடைச்சது. சொந்த ஊர்க்காரர் புத்தகம். இடத்துக்கும் பஞ்சமில்ல. 1949-ல இருந்து 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்ட பூ.ச.குமாரசாமி ராஜா தன் வீட்டையே கொடுத்து உருவாக்கின காந்தி கலைமன்றம் அதே ராஜபாளையத்துலதான் இருக்கு.

என் யோசனை சிம்பிள். ஒரு செமஸ்டர், வாரம் ஒரு மணி நேரம். ஆளுக்கு ஒரு குழந்தைக் கதை, அஞ்சு நிமிஷம், கையில பேப்பர் கூடாது. முதல்ல நாலு நண்பர்கள் முன்னாடி, அப்புறம் வகுப்பு முன்னாடி. கடைசிப் பரீட்சை பக்கத்து அரசுத் தொடக்கப் பள்ளியில, மூணாங்கிளாஸ் பசங்க முன்னாடி. பெரியவங்க மரியாதைக்காகவாவது கை தட்டிடுவாங்க. அந்த வாண்டுங்க தட்டாது. போரடிச்சா ரெண்டாவது நிமிஷமே ஜன்னல் பக்கம் திரும்பிடும். அதுங்களை அஞ்சு நிமிஷம் உக்கார வச்சவனுக்கு எந்த இன்டர்வியூ போர்டும் பெரிசில்ல.

உங்கள்ல வாத்தியார் வேலை பாக்கறவங்க யாராவது இதை முயற்சி பண்ணியிருந்தா எப்படிப் போச்சுன்னு சொல்லுங்க. முதல் கதையா எதைக் கொடுத்தீங்கன்னும் மறக்காம சொல்லுங்க மக்களே.