எல்.எம்.பி. டாக்டர் போன வழியில் நர்ஸ் பிராக்டிஷனர்?

அண்ணன் மகள் வேளாங்கண்ணியில் இருந்து பி.எஸ்ஸி. நர்ஸிங் படிக்கிறாள், கடைசி வருஷம். போன மாசம் போனில், "சித்தப்பா, நர்ஸ் பிராக்டிஷனர்னு ஒரு மேல்படிப்பு இருக்காமே. முடிச்சா நாமளே மருந்து எழுதலாமா?" என்று கேட்டாள். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. தேடப்போனால் விஷயம் நூறு வருஷம் பின்னால் போகிறது, அதுவும் நம்ம தஞ்சாவூருக்கே.

டெல்டாவில் வயதானவர்களைக் கேட்டால் "எல்.எம்.பி. டாக்டர்" என்ற பேச்சு வரும். எம்.பி.பி.எஸ். இல்லை, அதைவிடக் குறைந்த படிப்பு. தஞ்சாவூர் ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரியை ஒட்டி ஒரு மருத்துவப் பள்ளி இருந்தது. அங்கும் சென்னை ராயபுரத்திலும் படித்து வந்தவர்கள்தான் சின்ன ஊர்களில் வைத்தியம் பார்த்தார்கள். தஞ்சாவூர்ப் பள்ளி 1930களில் மூடப்பட்டது. ராயபுரம் பள்ளி 1938-ல் ஸ்டான்லி கல்லூரியானது.

1946-ல் போர் கமிட்டி அறிக்கை வந்தது. (போர் என்றால் யுத்தம் இல்லைங்க, தலைவர் ஜோசப் போர்.) அதில் இருக்கும் கணக்கைப் பாருங்க. பிரிட்டிஷ் இந்தியாவில் டாக்டர்கள் சுமார் 47,500 பேர். அதில் ஏறக்குறைய 30,000 பேர் எல்.எம்.பி. மாதிரி டிப்ளமாக்காரர்கள். பதிவு பெற்ற நர்ஸுகளோ சுமார் 7,000 பேர்தான். இவ்வளவு பற்றாக்குறையிலும் கமிட்டி, இனி ஒரே வகை டாக்டர் போதும், குறுகிய படிப்பு வேண்டாம் என்றது. கமிட்டிக்குள்ளேயே சிலர் ஒத்துக்கொள்ளவில்லை, கிராமத்துக்கு யார் போவார்கள் என்று கேட்டார்கள். அவர்கள் பக்கம் எடுபடவில்லை. எல்.எம்.பி. படிப்பு மெல்ல மறைந்தது.

டிப்ளமா டாக்டர் போனார், அவர் பார்த்த வேலை போகவில்லை. அது யார் தலையில் விழுந்தது? என் வாசிப்பில், பெரும்பகுதி நர்ஸம்மா தலையில். 1950களில் துணை செவிலியர் பயிற்சி வந்தது, பின்னர் தமிழ்நாட்டில் அவரே கிராம சுகாதார செவிலியர் ஆனார். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. மாநிலம் முழுக்க சுமார் 8,700 நிலையங்கள். கர்ப்பம் பதிவதிலிருந்து தடுப்பூசி, குடும்பநலம், முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகைக்கான பதிவு வரை அவர் கையில்தான். 2000களில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஸ்டாஃப் நர்ஸுகளைப் போட்டு 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க ஏற்பாடு ஆனது. ராத்திரி ரெண்டு மணிக்கு வலி எடுத்து வரும் பெண்ணுக்கு சுகப்பிரசவம் பார்ப்பது பெரும்பாலும் இவர்கள்தான். தமிழ்நாட்டில் தாய்மார் இறப்பு குறைந்ததைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் இந்த மூன்று நர்ஸைக் குறிப்பிடுகிறார்கள்.

வேளாங்கண்ணிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26-ல் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிறகு முகாம்களில் பெரிய அளவில் தொற்றுநோய் எதுவும் பரவவில்லை. குளோரின், தடுப்பூசி, வீடுவீடாகக் கணக்கு என்று அலைந்த சுகாதாரப் பணியாளர்களில் கிராம செவிலியர்களும் உண்டு. நாகப்பட்டினத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது 2022 ஜனவரியில்தான்.

சரி, சட்டம் இவரை எப்படிப் பார்க்கிறது? என் தொழில் பாஷையில் சொன்னால், அட்மின் செய்கிற வேலை முழுக்க இவர் செய்கிறார், ஆனால் கொடுத்திருப்பது 'ரீட் ஒன்லி' பெர்மிஷன். 1926-லேயே மெட்ராஸ் செவிலியர், தாதியர் சட்டம் வந்து பதிவேடு உண்டானது. பதிவு வந்தது, மருந்துச்சீட்டு எழுதும் உரிமை வரவில்லை. மருந்து விதிகளின் 'கே' அட்டவணையில் ஒரு வரி உண்டு. அரசு சுகாதாரத் திட்டத்துக்காக ஆரம்ப, துணை சுகாதார நிலையச் செவிலியர் மருந்து கொடுத்தால், விற்பனை உரிமம் தேவையில்லை என்கிற விலக்கு. அதாவது 'கொடுக்கலாம்', 'எழுதலாம்' இல்லை. 2005 வாக்கில் மத்திய அரசு இன்னொரு கதவை லேசாகத் திறந்தது. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கைத் தடுக்கும் மருந்து, வலிப்பு வந்தால் மேக்னீசியம் சல்பேட் முதல் டோஸ், இவற்றை நர்ஸே போடலாம்.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி போனது. 1965-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் முதல் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பைத் தொடங்கினார்கள். காரணம் நம்ம காரணம்தான், கிராமத்தில் டாக்டர் இல்லை. படிப்பு முதலில் வந்தது, உரிமைக்கான சட்டத்தை ஒவ்வொரு மாநிலமாகப் போராடி வாங்கினார்கள். இன்றைக்கும் பாதி மாநிலங்கள் அளவில்தான் டாக்டர் மேற்பார்வை இல்லாத முழு உரிமை. ஃபோர்டு 2025 ஜனவரியில் 104 வயதில் இறந்தார். அறுபது வருஷம் கழிந்தும் வேலை முடியவில்லை.

நாமும் இப்போது அந்தப் 'படிப்பு முதலில்' கட்டத்தில் இருக்கிறோம். இந்திய நர்ஸிங் கவுன்சில் 2016-17 வாக்கில் 'நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிக்கல் கேர்' என்ற ரெண்டு வருஷ முதுநிலைப் படிப்பைக் கொண்டுவந்தது. பி.எஸ்ஸி. முடித்து ஒரு வருஷ அனுபவம் வேண்டும், நேரத்தில் பெரும்பகுதி ஐ.சி.யூ.வில். தீவிர சிகிச்சைக் கையைப் பழக்க நல்ல படிப்பு என்றே நினைக்கிறேன். ஆனால் மருந்து விஷயத்தில் அந்தந்த மருத்துவமனையின் எழுத்துபூர்வ நெறிமுறைக்குள்தான் இயங்கணும். அடுத்து 2018-ல் மத்திய அரசின் மகப்பேறு வழிகாட்டுதல்: பதிவு பெற்ற நர்ஸுக்கு 18 மாத 'நர்ஸ் பிராக்டிஷனர் இன் மிட்வைஃபரி' பயிற்சி. தெலங்கானா இதற்கு ஒரு வருஷம் முன்பே தொடங்கிவிட்டது. சுகப்பிரசவத்தைத் தாதியரே முன்னின்று பார்க்கும் பிரிவுதான் திட்டம். நம்ம ஊர் நர்ஸுகள் ஏற்கெனவே செய்வதற்கு ஒரு பெயரும் பாடத்திட்டமும் கொடுத்தது மாதிரி.

2019-ல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-வது பிரிவு, 'சமூக சுகாதார வழங்குநர்' என்று ஒருவருக்கு வரம்புள்ள உரிமம் தரலாம் என்றது. டாக்டர்கள் ஸ்ட்ரைக் செய்தார்கள். அரைகுறை வைத்தியம் பெருகும் என்ற அவர்கள் பயத்தை நான் ஒதுக்கமாட்டேன். ஆனால் 1946-ல் நடந்த அதே வாதம்தான் இது, நடுவில் 73 வருஷம் ஓடிவிட்டது.

அண்ணன் மகளுக்கு நான் சொன்னது இதுதான். தமிழ்நாடு அரசு வேலைக்கு நர்ஸுகளை எடுப்பது எம்.ஆர்.பி. தேர்வு வழியாக, செவிலியர் என்ற பெயரில். 2015 முதல் அப்படி வந்தவர்களில் பலர் தொகுப்பூதியத்தில் சேர்ந்து நிரந்தரத்துக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். அதனால் மேல்படிப்புக்குச் சம்பளம் தானாக ஏறும் என்று எண்ண வேண்டாம். சேரும் முன் அந்த மருத்துவமனையில் முந்தின பேட்ச் பிள்ளைகள் இப்போது எந்தப் பதவியில் இருக்கிறார்கள், நெறிமுறை எழுத்தில் இருக்கிறதா என்று கேள். வெளிநாடுதான் குறி என்றால், அமெரிக்காவில் முதலில் என்க்லெக்ஸ் எழுதி ஆர்.என். ஆகணும். அங்கே நர்ஸ் பிராக்டிஷனர் ஆக அவர்கள் அங்கீகரித்த முதுநிலைப் படிப்பையே திரும்பப் படிக்கணும், இங்கே வாங்கிய பட்டத்தைக் காட்டி நேராக நுழைய முடியாது. ஐ.சி.யூ. வேலை பிடித்திருந்தால் கிரிட்டிக்கல் கேர் படி. மருந்து எழுதத்தான் என்றால், இப்போதைக்கு வேண்டாம்மா.