1949இல் எட்டிய முடிவு, 1952இல் வந்த அறிவிப்பு

1952 டிசம்பர் 19 அன்று பிரதமர் நேரு நாடாளுமன்றத்தில் அறிவித்த முடிவில் புதிதாக ஏதுமில்லை. சென்னை மாநிலத்தின் தெலுங்கு வழங்கும் பகுதிகளைப் பிரித்து, சென்னை நகரத்தைச் சேர்க்காமல், ஆந்திர மாநிலம் அமைக்கப்படும் என்பதே அதன் சாரம். நேரு, படேல், பட்டாபி சீதாராமையா ஆகிய மூவர் அடங்கிய காங்கிரஸ் குழு, ஏறத்தாழ இதே நிபந்தனையோடு 1949 ஏப்ரலிலேயே இதற்கு வழிவிட்டிருந்தது.

தயக்கத்திற்குக் காரணங்கள் இருந்தன. 1920இல் மொழிவாரியாகத் தன் மாகாணக் குழுக்களை அமைத்துக்கொண்ட கட்சிதான் காங்கிரஸ். எனினும் 1947இன் பிரிவினைக்குப் பின் எந்தப் பிரிப்பும் அதன் தலைமைக்கு அச்சம் தந்தது. 1948இல் தார் ஆணையமும் மொழிவழி மாநிலங்களுக்கு எதிராகவே பரிந்துரைத்தது. அந்த அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட இயலாது. ஆனால் ஆந்திரத்தைத் தனித்துக் கருதலாம் என மூவர் குழுவே ஒப்பிய பின்னர், எஞ்சி நின்றது சென்னை நகரம் யாருக்கு என்னும் ஒரே சிக்கல். அதை வெளிப்படையாகச் சொல்லி முடிக்கும் பொறுப்பை எவரும் ஏற்கவில்லை. இருதரப்பும் உடன்பட்டு வரட்டும் என்று தில்லி காத்திருந்தது; சென்னையில் அமைந்த பிரிவினைக் குழுவோ உடன்பாடின்றிக் கலைந்தது. 1951இல் சுவாமி சீதாராம் மேற்கொண்ட உண்ணாநோன்பு, வினோபா பாவேயின் வேண்டுகோளால் நின்றது. அதற்குப் பின் வந்த பொதுத்தேர்தலில் ஆந்திரப் பகுதியில் காங்கிரஸ் பெரும் பின்னடைவைக் கண்டது. எச்சரிக்கைகளுக்குக் குறைவில்லை.

1952 அக்டோபர் 19 அன்று பொட்டி ஸ்ரீராமுலு மயிலாப்பூரில் புலுசு சாம்பமூர்த்தியின் இல்லத்தில் உண்ணாநோன்பைத் தொடங்கினார். டிசம்பர் தொடக்கத்தில் இராஜாஜிக்கு எழுதிய கடிதத்தில், அந்நோன்பைப் பொருட்படுத்தப் போவதில்லை என்றே நேரு குறிப்பிட்டார். டிசம்பர் 12 அன்று மீண்டும் எழுதியபோது, ஆந்திரக் கோரிக்கையை ஏற்கும் வேளை வந்துவிட்டது என்னும் கருத்துக்கு வந்திருந்தார். அக்கருத்து கடிதத்தோடு நின்றது. டிசம்பர் 15 இரவு ஸ்ரீராமுலு உயிர்நீத்தார். ஆந்திர நகரங்களில் கலவரம் மூண்டது. இரயில் நிலையங்கள் தாக்கப்பட்டன. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர். அறிவிப்பு அதன் பிறகே வந்தது.

முடிவின் உள்ளடக்கம் மாறவில்லை. அதன் பொருள் மாறிவிட்டது. 1949இல் கொள்கையாக வழங்கப்பட்டிருக்கக்கூடியது, 1952இல் ஓர் உயிரின் விலையாக, நெருக்கடிக்குப் பணிந்த சலுகையாக வெளிப்பட்டது. ஏனைய மொழியினரும் அதை அவ்வாறே படித்தனர். 1953 அக்டோபர் 1 அன்று கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திரம் உதயமானது; அவ்வாண்டு டிசம்பரிலேயே பசல் அலி தலைமையில் மாநிலச் சீரமைப்பு ஆணையத்தை நியமிக்க வேண்டியதாயிற்று.

அந்த ஆணையத்தின் அறிக்கைக்குப் பின்னரும் ஒரு நகரமே முட்டுக்கட்டையாயிற்று. 1956இல் பம்பாய் இருமொழி மாநிலமாகவே வைக்கப்பட்டது. தெருக்களில் மேலும் உயிர்கள் பலியான பிறகு, 1960 மே 1 அன்று மகாராஷ்டிரமும் குஜராத்தும் பிரிந்தன. பம்பாய் நகரம் மகாராஷ்டிரத்திற்கே சென்றது.