வடிவம் ஒன்று, குரல் ஒன்று

வயலிலும் கொல்லையிலும் நல்லபாம்பு என்று அடித்துக் கொல்லப்படுபவற்றில் தண்ணீர்ப்பாம்பும் சாரையும் உண்டு. இரண்டுக்கும் நஞ்சில்லை. நாகச் சாயலைக் காட்டித் தப்பிக்கப் பார்ப்பவை அவை. காட்டும் விதம்தான் வேறு.

தண்ணீர்ப்பாம்பு வடிவத்தை நம்புகிறது. மீனும் தவளையும் தின்று குளத்திலும் வாய்க்காலிலும் வாழும் அதை மடக்கினால், தலையை உயர்த்திக் கழுத்தைத் தட்டையாக விரிக்கும். நல்லபாம்பின் படத்தை நீண்ட விலா எலும்புகள் தாங்குவதால் அது அகன்று நிற்கும். தண்ணீர்ப்பாம்பின் விரிப்போ குறுகலானது. கண்ணிலிருந்து வாயை நோக்கிச் சாய்ந்திறங்கும் இரண்டு கருங்கோடுகளும் உடம்பில் ஓடும் கட்டங்களும் அதை அடையாளம் காட்டும்.

சாரை குரலை நம்புகிறது. 2 மீட்டரையும் தாண்டி வளரும் இந்த எலிவேட்டைக்காரன், கழுத்தைப் பக்கவாட்டில் ஒடுக்கி மேலும் கீழுமாக உப்பவைத்து உறுமும். வழக்கமான சீறலைவிடக் கனத்த ஒலி அது. பாம்புகளையே தின்னும் ராஜநாகத்தின் உறுமலை இது ஒத்திருப்பதால், ஒலிப்போலியாக இருக்கலாம் என்று 1999இல் ஆய்வாளர் புரூஸ் யங்கும் அவருடைய சகாக்களும் எழுதினர்.

எது உண்மையான போலி? தண்ணீர்ப்பாம்பும் நல்லபாம்பும் ஒரே வயலில் வாழ்கின்றன. நாகத்துக்கு அஞ்சும் பருந்து, போலியையும் விட்டு விலக வாய்ப்புண்டு. ஆனால் நாகமே இல்லாத வட அமெரிக்காவிலும் சில பாம்புகள் கழுத்தை விரிக்கின்றன. ஆகவே விரிப்பதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிட முடியாது. சாரையின் நிலை இதற்கு நேர்மாறு. உறுமல் பாம்புகளிடம் அரிது. அந்த ஒற்றுமைக்கு எடை அதிகம். ஆனால் தமிழகத்தில் ராஜநாகம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளோடு நின்றுவிட, சாரை சமவெளியெங்கும் உறுமுகிறது. ஒன்றுக்குச் சூழல் சாட்சி, மற்றதற்குக் குணம் சாட்சி; முழுச் சாட்சி இரண்டுக்குமே இல்லை.

எதிரியை விரட்டும் இந்தச் சாயல் மனிதரிடம் மட்டும் உயிருக்கே உலையாகிறது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இரண்டையும் காக்கிறது. அடிப்பது தவறு; போலி என்று எண்ணிக் கையில் எடுப்பது அதைவிட ஆபத்து. படத்தின் பின்புறம் கண்ணாடிக் குறியில்லாத நல்லபாம்புகளும் உண்டு. படம் விரித்தாலும் உறுமினாலும் பாம்பு கேட்பது விலகலைத்தான். விலகி நின்று தீயணைப்புத் துறையை அழைத்தால், அசலோ போலியோ, இரு தரப்பும் பிழைக்கும்.