கையடக்க வாகனத் தொடக்கி

கையடக்க வாகனத் தொடக்கி என்பது, மின்கலம் வலுவிழந்த மகிழுந்து முதலிய ஊர்திகளின் பொறியை இயக்கத் தேவையான மின்னோட்டத்தைச் சிறிது நேரத்திற்கு வழங்கும் கருவியாகும். பேச்சு வழக்கில் இது ஜம்ப் ஸ்டார்ட்டர் எனப்படுகிறது. முற்காலக் கருவிகளில் கனமான ஈய-அமில மின்கலங்கள் இருந்தன. 2010களில் லித்தியம் அயனி மின்கலங்களைக் கொண்ட, கைக்கு அடங்கும் கருவிகள் பரவலாயின. எடை குறைந்தபோதிலும், இவற்றைத் தவறாகக் கையாண்டால் தீப்பற்றும் இடர் உண்டு.

அமைப்பு

பெரும்பாலான கருவிகளில் மூன்று லித்தியம் பாலிமர் மின்கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒரு மின்கலத்தின் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட், முழுமையாக மின்னேற்றியபின் 4.2 வோல்ட். ஆகவே தொகுதியின் மின்னழுத்தம் 11.1 முதல் 12.6 வோல்ட் வரை அமையும். வேறு சில கருவிகளில் நான்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலங்கள் உள்ளன. இவற்றின் பெயரளவு மின்னழுத்தம் 12.8 வோல்ட் ஆகும்.

கருவியிலிருந்து வரும் தடித்த கம்பிகளின் முனையில் சிவப்பு, கறுப்பு நிறக் கவ்விகள் இருக்கும். இடையில் உள்ள கட்டுப்பாட்டுச் சுற்று, முனை மாற்றி இணைத்தல், குறுக்குச் சுற்று, மிகை வெப்பம் ஆகியவற்றைக் கண்டறிந்து மின்னோட்டத்தைத் துண்டிக்கும்.

ஆற்றலும் திறனும்

பொறியைத் தொடங்கத் தேவைப்படும் ஆற்றல் சிறிது. ஆனால் திறன் பெரிது. எடுத்துக்காட்டாக, 12 வோல்ட் தொகுதியொன்று 200 ஆம்பியர் மின்னோட்டத்தை 3 நொடிகள் வழங்கினால் செலவாகும் ஆற்றல் 7200 ஜூல், அதாவது 2 வாட்மணி மட்டுமே. தொகுதியின் உள்மின்தடை 15 மில்லி ஓம் எனக் கொண்டால், அதனுள்ளே 3 வோல்ட் வீழ்ச்சியுற்று 9 வோல்ட்டே வெளியே கிடைக்கும். அந்நேரத்தில் தொகுதிக்குள் 600 வாட் வெப்பம் தோன்றும். தொடக்கும் முயற்சியைச் சில நொடிகளுக்குள் நிறுத்தி, அடுத்த முயற்சிக்கு முன் கருவியை ஆறவிட வேண்டும் என்று கையேடுகள் வலியுறுத்துவதன் காரணம் இதுவே.

இதே தொகுதியைக் குறுக்குச் சுற்றாக்கினாலும் 800 ஆம்பியருக்கு மேல் கிடைக்காது. எனவே பெட்டியின்மீது அச்சிடப்படும் உச்ச ஆம்பியர் அளவு, பொறிக்கு உண்மையில் கிடைக்கும் மின்னோட்டத்தைக் குறிப்பதில்லை. கொள்ளளவும் அவ்வாறே. 10,000 மில்லி ஆம்பியர் மணி என்பது பெரும்பாலும் 3.7 வோல்ட்டில் கணக்கிடப்படுகிறது. அது 37 வாட்மணிக்குச் சமம். 11.1 வோல்ட்டில் அதே தொகுதியின் கொள்ளளவு ஏறத்தாழ 3,300 மில்லி ஆம்பியர் மணியே ஆகும்.

பழுதுக்கான காரணங்கள்

- மிகை மின்னிறக்கம்: பல மாதங்கள் மின்னேற்றாமல் விட்டால் மின்கலத்தின் மின்னழுத்தம் பாதுகாப்பு எல்லைக்குக் கீழே இறங்கும். அப்போது எதிர்முனையின் செப்புத் தகடு கரையத் தொடங்கும். மீண்டும் மின்னேற்றும்போது அச்செப்பு படிந்து உட்குறுக்குச் சுற்றை உண்டாக்கலாம்.
- மிகை மின்னேற்றம்: பொறி இயங்கத் தொடங்கியதும் ஊர்தியின் மின்னாக்கி ஏறத்தாழ 14 வோல்ட்டைத் தரும். பின்னோட்டத்தைத் தடுக்கும் அமைப்பு இல்லாதபோதோ பழுதுற்றபோதோ, மூன்று மின்கலத் தொகுதியின் ஒவ்வொரு மின்கலமும் 4.6 வோல்ட்டுக்கு மேல் ஏற்றப்படும். பொறி இயங்கியவுடன் கவ்விகளை அகற்றுவது இதனாலேயே இன்றியமையாதது.
- வெப்பம்: வெயிலில் நிறுத்திய மூடிய மகிழுந்தின் உட்பகுதி 60 பாகை செல்சியசைத் தாண்டக்கூடும். இவ்வெப்பத்தில் மின்பகுபொருள் சிதைந்து வளிமம் உண்டாகி, மின்கலம் உப்பும்.
- குளிர்: 0 பாகைக்குக் கீழ் மின்னேற்றினால் எதிர்முனையின்மீது உலோக லித்தியம் படியலாம்.
- பாதுகாப்பை மீறுதல்: ஊர்தியின் மின்கலம் முற்றிலும் வெறுமையானால் கருவி அதை உணராது. இதற்காகப் பல கருவிகளில் உள்ள கட்டாயத் தொடக்கப் பொத்தானை அழுத்தினால், முனை மாற்றப் பாதுகாப்பும் செயலிழக்கக்கூடும்.

வெப்பக் கட்டுமீறல்

மின்கலத்தின் உள்வினைகள் வெளியிடும் வெப்பம், வெளியேறும் வெப்பத்தைவிட மிகும்போது வெப்பக் கட்டுமீறல் தொடங்குகிறது. ஏறத்தாழ 100 பாகை அளவில் எதிர்முனையின்மீதுள்ள காப்புப் படலம் சிதைகிறது. 130 பாகை அளவில் பாலிஎத்திலீன் பிரிப்பான் உருகி, இரு முனைகளும் ஒன்றையொன்று தொடுகின்றன. மேலும் வெப்பமேறினால் கோபால்ட் ஆக்சைடு நேர்முனை ஆக்சிசனை வெளியிடுகிறது. கரிமக் கரைப்பான் எரிபொருளாகிறது. வெளிவரும் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஐதரசன் புளோரைடும் இருப்பதால் அது நச்சுத்தன்மை உடையது. இரும்பு பாஸ்பேட் நேர்முனை ஆக்சிசனை எளிதில் வெளியிடாததால் அவ்வகை மின்கலங்கள் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானவை.

அறியப்பட்ட நிகழ்வுகள்

2006ஆம் ஆண்டு சோனி தயாரித்த மின்கலங்களுள் நுண்ணிய உலோகத் துகள்கள் கலந்திருந்ததால், டெல் நிறுவனம் 41 இலட்சம் மடிக்கணினி மின்கலங்களைத் திரும்பப் பெற்றது. 2013 சனவரியில் இரண்டு போயிங் 787 வானூர்திகளின் மின்கலங்கள் பழுதுற்றதையடுத்து, அவ்வகை வானூர்திகளின் பறப்பு உலகெங்கும் நிறுத்தப்பட்டது. 2016இல் சாம்சங் கேலக்சி நோட் 7 கைப்பேசி திரும்பப் பெறப்பட்டது. இவை வாகனத் தொடக்கிகள் அல்ல. எனினும் மின்கலத்தின் அடிப்படை வேதியியல் ஒன்றே.

பாதுகாப்பு விதிகள்

லித்தியம் மின்கலங்களை அனுப்புவதற்கு முன் ஐக்கிய நாடுகள் அவையின் 38.3 எண்ணுள்ள சோதனைகளில் அவை தேறியிருக்க வேண்டும். அமெரிக்காவின் யூஎல் 2743 தரம் வாகனத் தொடக்கிகளையும் உள்ளடக்குகிறது. வானூர்திப் பயணிகள், தனித்த லித்தியம் அயனி மின்கலங்களைக் கைப்பையில் மட்டுமே கொண்டு செல்லலாம். 100 வாட்மணிக்கு மேல் 160 வரை நிறுவனத்தின் ஒப்புதல் தேவை. அதற்கு மேல் அனுமதி இல்லை.

பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியவை

- ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மின்னேற்ற அளவைச் சரிபார்த்தல் வேண்டும்.
- கோடையில் கருவியை ஊர்திக்குள் நிலையாக விட்டுவைத்தல் கூடாது.
- உப்பிய, நசுங்கிய, விழுந்து சேதமுற்ற கருவியை மின்னேற்றவோ துளையிடவோ கூடாது.
- உறங்கும்போது, எரியக்கூடிய பொருட்களின்மீது வைத்து மின்னேற்றக் கூடாது.
- தீப்பற்றினால் விலகிச் சென்று தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும். லித்தியம் அயனி மின்கலத்தைக் குளிர்விக்க மிகுதியான நீர் ஏற்றது. அணைந்தபின்னும் பல மணி நேரம் கழித்து மீண்டும் எரியக்கூடும்.
- பயனற்ற கருவியை வீட்டுக் குப்பையில் இடாமல், மின்னணுக் கழிவு சேகரிப்பு மையத்தில் ஒப்படைக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

- ஈய-அமில மின்கலம்
- லித்தியம் அயனி மின்கலம்
- உள்மின்தடை